ரீகால் கடிதத்தில் இல்லாத காற்றுக் குழாய்

நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறையில் தொழில் கற்றவன் நான். இப்போது தென்னாப்பிரிக்காவில், டர்பனின் தென்பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலையில் கனரக வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். டேங்கர், டிப்பர், கிரேன் எல்லாம் உண்டு. தொழிற்சாலைக்குச் சொந்தமான இரண்டு தீயணைப்பு வண்டிகளும் என் கணக்கில்தான் வரும். அதில் பெரிய வண்டிக்கு ஏர் பிரேக் சம்பந்தமாக ஒரு ரீகால் வந்தது, அதாவது தயாரிப்பில் நேர்ந்த பழுதை இலவசமாகச் சரிசெய்யத் தயாரிப்பாளரே வண்டியைத் திரும்ப அழைப்பது. டீலர் பட்டறை ஆட்கள் வந்து பழுதான வால்வை மாற்றினார்கள், வேலை முடிந்தது என்று காகிதமும் தயார் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த வண்டியின் பிரேக் காற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சேஸி (இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) ஒருவரிடமும் அதன் மேல் கட்டும் பாடி வேறொருவரிடமும் வாங்கிய தண்ணீர் லாரி, குப்பை வண்டி, சிமெண்ட் மிக்ஸர் எதற்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றி. காற்று போனால் ஏர் பிரேக் தானாகப் பிடித்துவிடும், அதனால் பயமில்லை என்று பல ஓட்டுநர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது ஒரு பெரிய ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருப்பது காற்று. காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். ஆனால் ஒரேயடியாகப் பிடிக்காது. அழுத்தம் ஏறக்குறைய 4 பாருக்கு, அதாவது 60 பிஎஸ்ஐ-க்கு இறங்கும்போது எச்சரிக்கை பஸ்ஸர் கத்தும். அந்த மட்டத்தில் லைனிங் டிரம்மில் உரச ஆரம்பித்துவிடலாம். வண்டி கொஞ்சம் இழுவையாக இருக்கிறதே என்று ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்துவார். டிரம் சூடேறும். இன்னும் இறங்கினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். 4,000 லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு, மழை பெய்த சாலையில், வளைவில் திரும்பும்போது அது நடந்தால் வண்டி யார் பேச்சையும் கேட்காது.

சாதாரண லாரி பாதி நாள் காலியாகப் போகும். தீயணைப்பு வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. நின்றாலும் ஓடினாலும் முழு எடைதான். நாள் கணக்கில் ஷெட்டில் சும்மா நிற்கும், மணி அடித்ததும் குளிர்ந்த இன்ஜினோடு பாய வேண்டும், அடுத்த கேட்டில் அடித்துப் பிடித்து நிறுத்த வேண்டும். நிற்கும் நேரத்தில் காற்று கசிந்து இறங்கிவிட்டால், கம்ப்ரஸர் மறுபடி ஏற்றும்வரை பார்க்கிங் பிரேக் விடாது. வெளியே புகை தெரியும், வண்டி நகராது. அதனால்தான் பல தீயணைப்பு நிலையங்களில் சுவரிலிருந்து ஒரு காற்றுக் குழாயை வண்டியில் செருகி வைத்திருப்பார்கள். இந்தக் குழாயைப் பற்றிப் பிறகு கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வண்டி ஐரோப்பிய சேஸி. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று டிரையரில் ஈரம் நீங்கி, நான்கு சர்க்யூட் பாதுகாப்பு வால்வுக்கு வரும். அங்கே நாலாகப் பிரியும். வால்வின் உடம்பிலேயே எண் பொறித்திருக்கும். பெரும்பாலும் 21, 22 இரண்டும் கால் பிரேக்கின் இரு சர்க்யூட்டுகள் (முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் காற்றுப் பாதை), 23 பார்க்கிங் பிரேக்குக்கும் டிரெய்லருக்கும், 24 ஹார்ன், சீட் போன்ற மற்ற சாமான்களுக்கு. இந்த வால்வு இருப்பதே ஒரு வேலைக்காகத்தான். நாலில் ஒன்று உடைந்து காற்றெல்லாம் வெளியே போனாலும், மற்ற மூன்றும் கொஞ்சம் இறங்கி, ஒரு மட்டத்தில் பிடித்து நிற்க வேண்டும். ஹார்ன் குழாய் பிய்ந்தால் ஹார்ன் போகட்டும், பிரேக் போகக்கூடாது.

எங்களுக்கு வந்த ரீகால் இந்த வால்வைப் பற்றியது. குறிப்பிட்ட காலத்தில் தயாரான வால்வுகளில் 24-ஆம் பாதையின் அடைப்பு சரியாக மூடாமல் போகலாம் என்பது சாரம். இதில் தொல்லை என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் வண்டியில் ஒரு குறையும் தெரியாது. பிரேக் நன்றாகப் பிடிக்கும். வருடாந்தர ரோட்வொர்த்தி சோதனையில் ரோலர் மேல் ஏற்றிப் பார்த்தால் நல்ல எண்களே வரும், ஏனென்றால் ரோலர் அளப்பது பிரேக் பிடிக்கும் பலத்தை. 24-ல் வேறொரு கசிவு வரும் நாளில்தான் இந்தப் பழுது முகம் காட்டும்.

எங்களுக்கு முதலில் கடிதம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அதுவும் பட்டறையிலிருந்து அல்ல, ஓட்டுநரிடமிருந்து. வண்டி ஓட்டும் அண்ணன் சாட்ஸ்வொர்த்காரர். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த குடும்பம். பாட்டியிடம் கேட்டுப் பழகிய தமிழை ஆங்கிலம் கலந்து பேசுவார். ஒருநாள் காலைச் சோதனை முடித்துவிட்டு வந்து சொன்னார்: “தம்பி, ஹார்ன் நீளமா அடிச்சா ரெண்டு நீடிலும் இறங்குது பாரு. பழைய வண்டியில இப்படி இல்லை.”

நீடில் என்று அவர் சொன்னது காற்றழுத்தம் காட்டும் மீட்டரின் ஊசியை. ஹார்ன் அடித்தால் ஊசி கொஞ்சம் அசைவது சகஜம். ஆனால் முன் பிரேக், பின் பிரேக் இரண்டின் ஊசியும் சேர்ந்து, நிற்காமல் இறங்குவது சகஜமில்லை. பல வருடம் ஒரே வண்டியில் உட்காரும் ஓட்டுநர் சொல்வதை நான் எப்போதும் எழுதி வைப்பேன். அவர்களுக்கு வால்வின் பெயர் தெரியாமல் இருக்கலாம், வண்டியின் சுபாவம் தெரியும்.

வண்டியின் சேஸி எண்ணை எடுத்துக்கொண்டு டீலர் பட்டறைக்குப் போன் செய்தேன். இங்கே அது சுலபம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கிலேயே 17 எழுத்துகள் கொண்ட எண் அச்சாகியிருக்கும், வண்டிக்குக் கீழே படுக்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் தட்டிப் பார்த்தவர் சாதாரணமாகச் சொன்னார்: உங்கள் வண்டிக்கு ரீகால் ஒன்று முடிக்கப்படாமல் நிற்கிறதே, கடிதம் வந்திருக்குமே.

கடிதம் போன வழியைத் தேடிப் பார்த்தோம். சேஸி தயாரித்தவர்களின் விற்பனைப் புத்தகத்தில் வாங்கியவர் என்று இருந்தது பாடி கட்டியவர்களின் பெயர். கடிதம் அவர்களுக்குப் போயிருக்கிறது. அவர்கள் அதை ஜோகனஸ்பர்க்கில் உள்ள எங்கள் தலைமை அலுவலகத்துக்கு, வண்டியை ஆர்டர் செய்த கொள்முதல் அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் வேலையை விட்டே போயிருந்தார். யாரும் கடிதத்தை மறைக்கவில்லை, ஆளாளுக்குத் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே இப்படி இரு கை மாறி வந்த வண்டி வைத்திருப்பவர்கள் தபாலை நம்பி இருக்க வேண்டாம். வருடத்துக்கு இருமுறையாவது சேஸி எண்ணைக் கொடுத்து நேராகச் சேஸி தயாரிப்பாளரிடம் கேளுங்கள். வண்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் போன், மின்னஞ்சல் அவர்கள் பதிவில் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். பாடிக்காரர்களிடம் தனியாகவும் கேட்க வேண்டும். பம்ப், ஏணி, தண்ணீர் டேங்க் இவற்றுக்கு வரும் ரீகால் வேறு கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது என்று மேனேஜர் கேட்டார். தென்னாப்பிரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 60-ஆம் பிரிவில் ரீகாலைப் பற்றிப் பேசுகிறது. மேற்பார்வை தேசிய நுகர்வோர் ஆணையத்திடம். பெரிய கம்பெனிகளின் கொள்முதல் பலவும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கும். ஆனால் பாதுகாப்பு, ரீகால் விஷயத்துக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது. நாங்கள் நுகர்வோர் இல்லையே என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னதால் இதைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

உதிரிப் பாகம் உடனே இல்லை, வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை என்ன செய்வது? உண்மையில் ரீகாலில் கடினமான பகுதி இதுதான். சொந்தக் காராக இருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு டாக்ஸியில் போகலாம். தீயணைப்பு வண்டியை நிறுத்தினால் அதற்கும் ஆபத்து உண்டு.

முதலில் எங்கள் வண்டியில் அந்தப் பழுது இருக்கிறதா என்று பார்த்தோம். சமதளத்தில் நிறுத்தி, எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை போட்டு, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, காற்றை முழுக்க ஏற்றி இன்ஜினை அணைத்தோம். வண்டிக்குக் கீழே ஒருவரும் இருக்கக்கூடாது. காற்று இறங்கும்போது ஸ்பிரிங் பிரேக் பிடிக்கும், லிவர்கள் சட்டென்று அசையும், நடுவில் விரல் இருந்தால் போச்சு. பிறகு ஹார்னுக்குப் போகும் குழாயைக் கழற்றிக் காற்றை வெளியே விட்டோம். இரண்டு ஊசியும் இறங்கின. எங்காவது நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. சிவப்பு விளக்கு வந்தது, பஸ்ஸர் கத்தியது, ஊசிகள் அதையும் தாண்டி இறங்கிக்கொண்டே போயின. அண்ணன் ஒன்றும் பேசவில்லை, போனில் வீடியோ எடுத்தார். அது பிறகு பெரிய உதவியாக இருந்தது.

மேனேஜரின் கவலை நியாயமானது. சின்ன வண்டியை மட்டும் வைத்துக்கொண்டு தொழிற்சாலையை ஓட்ட முடியாது. டர்பன்காரர்களிடம் பெரிய வண்டியின் பிரேக் பற்றிப் பேசுவதில் ஒரு வசதி, அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2013 செப்டம்பரில் பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுப்பாடில்லாமல் வந்த லாரி மினிபஸ் டாக்ஸிகள் மீது மோதி 20 பேருக்கு மேல் இறந்தது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. கடைசியில் இப்படி முடிவானது. ஹார்ன் குழாயை வால்வுக்குப் பக்கத்திலேயே கழற்றி அடைத்துவிடுவது. கசியக்கூடிய குழாயே இல்லையென்றால் அடைப்பின் பழுது வெளிப்பட வழி குறைவு. சைரன் மின்சாரத்தில் ஓடுவதால் ஹார்ன் இல்லாமல் சமாளிக்கலாம். வண்டி வளாகத்துக்குள் மட்டும், 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும். பக்கத்து ஆலைகளின் உதவிக்குப் போகாது என்று அவர்களுக்கும் சொல்லிவிட்டோம், அது முக்கியம். நம் வண்டி வரும் என்று நம்பிக்கொண்டு அவர்கள் திட்டம் போட்டிருப்பார்கள்.

இது அத்தனையும் எழுத்தில், தீயணைப்புத் தலைவரின் கையெழுத்தோடு. 1993-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி ஆபத்தான நிலையைக் கண்ட ஊழியர் அதைத் தெரிவிக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டேன் என்பது பிறகு எடுபடாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் கண்ணில் படும்படி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு அட்டையும் மாட்டினோம். இரவு ஷிஃப்டில் வரும் ஓட்டுநர் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார்.

பாகம் வந்தது ஈஸ்டர் விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால். அண்ணன் இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கு லீவு போட்டிருந்தார். அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். டீலர் பட்டறை டெக்னீஷியன் நல்ல கைகாரர். வால்வை மாற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்து, நுரை வரவில்லை என்று காட்டி, காகிதத்தை எடுத்தார். கையெழுத்துக்கு முன்னால் ஹார்ன் குழாயைத் திறந்து பார்க்கலாமா என்றேன். சோப்புத் தண்ணீர் கசிவைக் காட்டும், அடைப்பு வேலை செய்கிறதா என்று காட்டாது. அவரும் தயங்காமல் சரி என்றார். திறந்தோம். ஊசிகள் கொஞ்சம் இறங்கி, நின்றன. ரீகால் வேலை சுத்தமாக முடிந்திருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வண்டியில் காற்றில் இயங்குவது ஹார்ன் மட்டுமில்லை. இன்ஜின் சக்தியைப் பம்புக்கு மாற்றும் கியரும் காற்றில்தான் விழும். பாடிக்காரர்கள் பொருத்திய அந்த நைலான் குழாய் பம்ப் அறைக்குள் போகிறது. அதையும் திறந்து பார்ப்போம் என்றேன். டெக்னீஷியன் சிரித்துக்கொண்டே, அது எங்கள் சாமான் இல்லை, ரீகாலில் வராது என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் நின்று பார்த்தார்.

திறந்ததும் முன் பிரேக்கின் ஊசி பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. பின் பிரேக்கின் ஊசி ஒரு மட்டத்தில் நின்றது. புது வால்வு தன் வேலையைச் செய்ததால்தான் பின் பிரேக்காவது மிஞ்சியது. குழாயைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தால், அது 24-க்கு வரவேயில்லை. முன் பிரேக்கின் ஏர் டேங்க்கில் ஒரு டீ-ஜாயின்ட் (T வடிவக் கிளை இணைப்பு) போட்டு நேராக எடுத்திருந்தார்கள். போதாதென்று பம்ப் ஷாஃப்டுக்குப் பக்கத்தில் கிளிப் இல்லாமல் தொங்கிய இடத்தில் உரசிய தழும்பும் இருந்தது. இன்னும் ஓட்டை விழவில்லை.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் நான் பார்த்ததுதான். காற்று வேண்டுமா, கைக்கு எட்டும் தூரத்தில் எந்த டேங்க் இருக்கிறதோ அதில் எடு. 24-ஆம் பாதை சேஸியின் மறுபக்கத்தில் இருக்கும், அதுவரை குழாய் இழுக்க நேரமும் காசும் ஆகும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, சோம்பேறித்தனம்தான். ஆனால் சேஸி தயாரித்தவர்கள் பாடி கட்டுபவர்களுக்கென்று தனிக் கையேடு தருகிறார்கள், காற்றை எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் விட்டதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

ரீகால் கடிதம் பேசுவது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றைய சேஸியைப் பற்றி. அதன் மேல் யார் யார் என்னென்ன ஒட்டுப்போட்டார்கள் என்று அந்தக் கடிதத்துக்குத் தெரியாது. ஆகவே பிரேக் சம்பந்தமான ரீகால் எது வந்தாலும், மாற்றிய பாகத்தை மட்டும் சோதித்து முடித்துக்கொள்ளாதீர்கள். காற்றில் ஓடும் சாமான்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: ஹார்ன், பம்ப் கியர், சீட், தண்ணீர் வால்வுகள், லைட் கம்பம். ஒவ்வொன்றின் குழாயையும் தனித்தனியாகத் திறந்து, இரண்டு பிரேக் ஊசிகளும் எங்கே நிற்கின்றன என்று குறியுங்கள். ஒரு மதிய நேரம் போதும். ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும் ஆர்வத்தில் கழற்றிப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

சுவர்க் குழாய்க்கு வருகிறேன். அது செருகியிருக்கும்வரை வண்டியில் எந்தக் கசிவும் தெரியாது, ஊசி எப்போதும் மேலேயே நிற்கும். டிரைவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். இப்போது நாங்கள் வாரம் ஒருமுறை இரவு முழுக்க அதைக் கழற்றி வைத்து, காலையில் இன்ஜின் போடுவதற்கு முன்னால் ஊசி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எழுதுகிறோம். அன்று இரவு மணி அடித்தால் என்ன என்று கேட்டார்கள். சின்ன வண்டி முதலில் போகும்படி ஏற்பாடு. ஏர் டேங்க்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றும் பார்க்கிறோம். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் டிரையர் சீக்கிரம் களைத்துப்போகும். டேங்க்கிலிருந்து பால்போல் வெள்ளையாக வந்தால் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து வருகிறது என்று அர்த்தம்.

பாடிக்காரர்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் ஓடுகிறதே என்றார்கள். அண்ணன் எடுத்த வீடியோவோடு முன் பிரேக் ஊசி பூஜ்யத்துக்கு வந்த வீடியோவையும் சேர்த்து அனுப்பினோம். அதற்குப் பிறகு குரல் மாறியது. ஆள் அனுப்பி, டீ-ஜாயின்டைக் கழற்றி அடைத்து, 24-லிருந்து புதுக் குழாய் இழுத்து, ஷாஃப்டிலிருந்து விலக்கிக் கிளிப் போட்டார்கள். கூலி மட்டும் எங்கள் தலையில். ரீகால் வேலை இலவசம், இது அதில் சேராது, உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது. அவர்கள் ஆள் வண்டிக்குக் கீழே இருக்கும்போதே, அதே பாடிக்காரர்கள் கட்டிய சின்ன வண்டிக்குக் கீழேயும் ஒரு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். அது வேறு கம்பெனி சேஸி, அதற்கு ரீகால் எதுவும் கிடையாது. அங்கேயும் முன் பிரேக் டேங்க்கில் அதே டீ-ஜாயின்ட். இரண்டையும் சேர்த்து ஒரே பில்லாகப் போடச் சொன்னேன்.